பதில் தெரியாதவர் நிலத்தில் இருக்க வேண்டும்

தங்கத்துரை மாஸ்டருக்குக் கைகள் போதும், வாய் தேவையில்லை. இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்ற செய்தி கிடைத்ததும், எங்கள் தலைமை வாத்தியாரான அவர் பிரம்போடு என் இங்கிலீஷ் வகுப்புக்குள் வந்து நின்று பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் போட்டார்.

"கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேணும். பதில் தெரிஞ்ச ஆள் வலது கை. தெரியாத ஆள் இடது கை. நான் வலது கைக்காரரைத்தான் எழுப்புவன். விளங்குதோ?"

"ஓம், சேர்," என்றது வகுப்பு.

"ஆராவது கை தூக்காமல் சும்மா குந்திக்கொண்டிருந்தால் தோலை உரிச்சுப் போடுவன்."

நான் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். "என்ன மாஸ்டர் இது? கை தூக்கினால் இங்கிலீஷ் வந்திடுமோ?"

"புஸ்பராணி டீச்சர், இன்ஸ்பெக்டர் என்னத்தைப் பாக்கிறவர்? பிள்ளையள் உற்சாகமாய் இருக்கினமோ எண்டுதான் பாக்கிறவர். கை தூக்கினால் உற்சாகம். அவ்வளவுதான்."

"அது பொய்யெல்லே?"

"உங்கட வகுப்பு நிலைக்க வேணுமோ, வேண்டாமோ?"

அதோடு கதை முடிந்தது என்பது போலப் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். கண்டறியாத உற்சாகம்! மூன்று மாதமாக நான் தொண்டை கிழியக் கத்தித் திறந்த வாய்களை இந்த மனிதன் இரண்டு கையால் பொத்திவிட்டுப் போகிறார் என்று நின்ற இடத்திலேயே பல்லை நறநறவென்று கடித்தேன்.

எங்கள் பள்ளிக்கூடம் திருகோணமலை டவுனில் கடற்கரைப் பக்கம் இருந்தது. நாற்பத்திரண்டாம் ஆண்டு, வருஷப் பிறப்புக்குச் சில நாள் முன்னால், ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு கண்டி ரோட்டால் ஓடியது. கட்டடத்தை யுத்தத் தேவைக்கு எடுத்துவிட்டார்கள். பிறகு தம்பலகாமத்தில் ஒரு நெல்லுக் கொட்டிலைக் கேட்டு வாங்கி, வாங்கு மேசை இல்லாமல், பாயைப் போட்டுப் பள்ளிக்கூடம் திறந்தோம். போன நாட்களை ஈடுகட்ட ஆவணி விடுமுறையும் கிடையாது. சள்ளிக் கடற்கரைப் பிள்ளைகளும் டவுனில் இருந்த சோனக முஸ்லிம் பிள்ளைகளும் தம்பலகாமத்து வயல்காரப் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்தார்கள். இங்கிலீஷ் என்றால் அத்தனை பேரும் ஒரே மாதிரி ஊமை.

நல்ல பிள்ளைகள்தான். சொல்லிக் கொடுத்தால் எழுதுவார்கள், பாடமாக்குவார்கள். எழுப்பி ஒரு கேள்வி கேட்டால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கால் விரலால் நெல்லு உமியைக் கிண்டுவார்கள். பிழையாகச் சொன்னால் அடி விழும் என்று அவர்களுக்குப் பழக்கியிருந்தார்கள். சொல்லாமல் நின்றாலும் அடிதான், ஆனால் அது குறைந்த அடி. அவ்வளவு கணக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. நானும் எனக்கு வாய்த்த குணமும்! வாசிப்புப் புத்தகத்தைப் பாயில் எறிந்தேன். "சரி, நான் கேக்கேல்லை. நீங்கள் கேளுங்கோ. வாயில வந்த எதையும் கேளுங்கோ, இங்கிலீஷில கேளுங்கோ. நான் பதில் சொல்லுறன்," என்று கத்தினேன்.

பின்னாலிருந்து யோகலிங்கம் மெல்ல எழும்பினான். சள்ளியில் தகப்பனோடு கரைவலை இழுக்கிற பெடியன், அதுவரை என் வகுப்பில் தும்மக்கூட இல்லை.

"டீச்சர், வை யூ ஆங்ரி?" என்றான்.

ஏன் கோபம்? நான் வாயைத் திறந்தேன். எதைச் சொல்வது? குண்டையா, கொட்டிலையா, கல்யாணம் பேசி வந்தவன் குண்டுக்குப் பயந்து கொழும்புக்கு ஓடிப் போனதையா? எல்லாம் இருந்தது, ஒன்றையும் சொல்ல ஏலவில்லை. அப்படியே பொத்தென்று நிலத்தில் இருந்துவிட்டேன். பிள்ளைகள் முதலில் பயந்தார்கள். பிறகு யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு கொட்டிலே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வகுப்புக்கு ஒரு சட்டம் வந்தது. பிள்ளைகள்தான் போட்டார்கள். கேள்விக்குப் பதில் தெரியாதவர் ஆராக இருந்தாலும் பாயை விட்டு வெறும் நிலத்தில் இருக்க வேண்டும், டீச்சரென்றாலும் விதிவிலக்கு இல்லை. கேட்டவர் "சிட் டவுன்!" என்று சொல்ல வேண்டும், எனக்கென்றால் "சிட் டவுன், டீச்சர்!" என்று வகுப்பு முழுவதும் சேர்ந்து கத்தும். நிலத்தில் இருக்க விருப்பமில்லாவிட்டால் ஒரு வழி உண்டு. பதிலுக்குப் பதிலாக வேறொரு கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம். வாயை மூடிக்கொண்டு நிற்க மட்டும் கூடாது.

என்னை நிலத்தில் இருத்துகிற ஆசையில் பிள்ளைகள் இங்கிலீஷ் தேடித் தேடிப் படித்தார்கள். ஆனைக்கு எத்தனை பல், கப்பல் ஏன் தாழவில்லை, வெள்ளைக்காரன் சோறு தின்னமாட்டானா என்று கேட்டுக் கேட்டே என்னைச் சாகடித்தார்கள். பிழை பிழையாகத்தான் கேட்டார்கள். நான் பிழையைத் திருத்தவில்லை, பதிலைச் சரியாகச் சொன்னேன். கேட்கக் கேட்கத் தானாகத் திருந்தியது.

கடைசி வரைக்கும் வாய் திறக்காதவள் ஒருத்தி இருந்தாள். பரீனா. பதினொரு வயது. அவளுக்குத்தான் எல்லாரையும்விட அவசரமாக இங்கிலீஷ் வேண்டும்.

அவளுடைய வாப்பா ஜமால்தீன் துறைமுகத்தில் ஒரு கொந்தராத்துக் கம்பனியில் சாமான் இறக்குகிறவர். குண்டு விழுந்த அன்று காலையில் வேலைக்குப் போனவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. செத்தாரா, காயப்பட்டுக் கப்பலில் எங்காவது கொண்டு போனார்களா, ஒரு தகவலும் இல்லை. உம்மா ரபீக்கா கம்பனிக் கந்தோருக்குப் போய்ப் போய்க் கேட்டாள். வாசலில் நின்ற கிளார்க் சொன்ன பதில் இது: "துரைக்குத்தான் தெரியும். துரைக்குத் தமிழ் விளங்காது. இங்கிலீஷில கேக்க வேணும்." சரி, நான் போகிறேன் என்று நானும் கூடப் போனேன். உடனே கதையை மாற்றினான். "நீங்கள் ஆர்? வெளியாக்களுக்குச் சொல்ல ஏலாது. சொந்தக்காரர் நேர வந்து துரையிட்டக் கேக்க வேணும்." சொந்தக்காரர் இங்கிலீஷில் கேட்க வேண்டும், இங்கிலீஷ் தெரிந்தவர் சொந்தக்காரராக இருக்க வேண்டும்! இந்தப் பேய்க்கதையை ஒரு மனிதன் முகத்தில் வெட்கமில்லாமல் சொன்னான். நான் எழுதிப் போட்ட மனுவுக்கும் பதில் இல்லை.

ரபீக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "டீச்சர், எனக்கு ஒண்டும் வேணாம். மௌத்தாப் போனாரெண்டா நான் இத்தா இரிக்கணும். நாலு மாசம் பத்து நாள் வீட்டோட இருந்து அவருக்காக அந்தக் கடமையைச் செய்யணும். உசிரோட இரிக்கிற மனிசனுக்கு இத்தா இரிக்க ஏலுமா? மௌத்தான நாள்ல இருந்துதான் கணக்கெண்டு பள்ளிவாசல் லெப்பை சொல்றார். நமக்குத் தெரிஞ்சாலும் தெரியாட்டியும் நாள் ஓடிட்டே இரிக்குமாம். நாள் போகுது டீச்சர். இந்தப் புள்ளைக்கு வாயைத் திறந்து விடுங்க."

நானும் பார்த்தேன். பரீனா முக்காட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாள், எழுதுவாள், எல்லாம் சரியாக எழுதுவாள். வாய் மட்டும் திறக்கமாட்டாள். நான் அவளைத் தனியாக எழுப்பவில்லை. அதட்டவுமில்லை. எனக்கே ஆச்சரியம்தான், நான் அதட்டாத பிள்ளை அந்தக் கொட்டிலில் அவள் ஒருத்திதான். பிறகு ஒருநாள் எல்லாரும் சேர்ந்து என்னை "சிட் டவுன், டீச்சர்!" என்று கத்தியபோது ஒரு மெல்லிய குரல் எல்லாரும் முடித்த பிறகும் தனியாக இழுபட்டது. அவளுடைய குரல். வகுப்புத் திரும்பிப் பார்த்தது. அவள் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் கேள்வியைப் பழகினோம். ஒருநாள் யோகலிங்கம் துரையாக நிற்பான், ஒருநாள் நான் நிற்பேன். அவள் வந்து கேட்பாள். என் வாப்பா ஜமால்தீன் துறைமுகத்தில் வேலை செய்தவர். குண்டு விழுந்த பிறகு வீட்டுக்கு வரவில்லை. அவர் எங்கே? மூன்றே வசனம். முதலில் பாயைப் பார்த்துக் கேட்டாள், பிறகு துரையின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக் கேட்டாள், கடைசியில் முகத்தைப் பார்த்தே கேட்டாள். அடுத்த கிழமை அவளைக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் நினைத்திருந்த நேரத்தில்தான் இந்த இன்ஸ்பெக்டர் வந்து குறுக்கே விழுந்தார். அவர் வந்து போகும்வரைக்கும் ஒரு வாத்தியாரும் லீவு எடுக்கக் கூடாது என்று தங்கத்துரை மாஸ்டர் ஒற்றைக் காலில் நின்றார்.

ஒத்திகைக்கு மேல் ஒத்திகை. மாஸ்டர் கேள்வி கேட்பார், வலது கை நாலு, இடது கை முப்பது எழும்பும். அவருக்கு முகமெல்லாம் பல்லு.

இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழர்தான், நல்ல குடும்பத்துத் தமிழர். வெயிலில் கோட்டும் கழுத்துப் பட்டியும். எங்களோடு ஒரு சொல் தமிழில் கதைக்கவில்லை. மாலை போட்டு, இளநீர் கொடுத்து, வயல்காரர் வீட்டிலிருந்து கொண்டு வந்த பெரிய கதிரையில் இருத்தினோம்.

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில் கேட்டார்: "லண்டன் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது?"

முப்பத்துச் சொச்சம் கைகள் எழும்பின. அத்தனையும் வலது கை.

மாஸ்டருக்கு விழி பிதுங்கியது. எனக்கோ சிரிப்பை அடக்க ஏலவில்லை. அந்த மனிதனுக்கு அவ்வளவு படித்தும் இது விளங்கவில்லையே! மாலை போட்டுக் கதிரையில் இருத்தின பெரிய மனிதருக்கு முன்னால் எந்தத் தாய் பெற்ற பிள்ளை இடது கையை நீட்டும்? சள்ளியில் நீட்டுமா, தம்பலகாமத்தில் நீட்டுமா, குர்ஆன் ஓதப் பள்ளிக்குப் போகிற பிள்ளைதான் நீட்டுமா? மாஸ்டருக்கு மட்டும் என்றபோது பிரம்புக்குப் பயந்து தூக்கினார்கள். பிறத்தி மனிதரைக் கண்டதும் வீட்டில் பழகின கைதான் எழும்பியது.

யாரை எழுப்புவது என்று தெரியாமல் மாஸ்டர் திணறினார். இன்ஸ்பெக்டரே கையைக் காட்டி இங்கிலீஷில் சொன்னார்: "அந்த முக்காடு போட்ட பிள்ளை."

பரீனா எழும்பினாள். லண்டன் ஆறு அவளுக்குத் தெரியாது. நாங்கள் அதைப் படிக்கவேயில்லை. பதில் தெரியாவிட்டால் நிலத்தில் இருக்க வேண்டும், அல்லது கேள்வி கேட்க வேண்டும். அவள் கேட்டாள். கோட்டுப் போட்டு, கவர்மெண்டுக் காரில் வந்த மனிதருக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைத்திருப்பாள். முகத்தை நேரே பார்த்து, ஒரு எழுத்துத் தடுக்காமல் இங்கிலீஷில் கேட்டாள்.

"என் வாப்பா ஜமால்தீன் துறைமுகத்தில் வேலை செய்தவர். குண்டு விழுந்த பிறகு வீட்டுக்கு வரவில்லை. அவர் எங்கே, சேர்?"

வகுப்பு முழுவதும் இன்ஸ்பெக்டரின் வாயைப் பார்த்தது.

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். மாஸ்டரைப் பார்த்து, "நல்ல உச்சரிப்பு. வகுப்பில் உற்சாகம் இருக்கிறது," என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அதைக் குறித்துக்கொண்டார்.

அவ்வளவுதான்! ஒரு பிள்ளை தகப்பனைக் கேட்கிறது, இந்த மனிதர் உச்சரிப்புக்குப் புள்ளி போடுகிறார். மாஸ்டர் பல்லைக் காட்டி நின்றார். பரீனா இன்னும் இருக்கவில்லை. பதிலுக்காக நின்றாள்.

பின்னாலிருந்து யோகலிங்கம்தான் தொடங்கினான். "சிட் டவுன், சேர்!"

பிறகு வகுப்பு முழுவதும். "சிட் டவுன், சேர்! சிட் டவுன், சேர்!" கதிரையில் இருக்கிற மனிதரை இரு இரு என்று கத்துகிறார்களே என்று அவர் முதலில் மலைத்தார். பிள்ளைகள் எல்லாரும் நிலத்தைக் காட்டினார்கள்.

"என்னடா இது? ஆர் உங்களைப் பழக்கினது?" என்று இன்ஸ்பெக்டர் துள்ளி எழும்பினார். நல்ல தமிழ். எங்கள் தமிழ்தான்.

"நான்தான் பழக்கினனான்," என்றேன். "எங்கட வகுப்பில பதில் தெரியாத ஆள் நிலத்தில இருக்க வேணும். புது ஆளெண்டால் தெரியாதெண்டு வாயால சொன்னாலும் போதும், மன்னிச்சு விடுவினம். நீங்கள் அதையும் சொல்லேல்லை."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. மாலை கதிரையிலேயே கிடந்தது. தங்கத்துரை மாஸ்டர், "நாளையிலிருந்து நீங்கள் வரத் தேவையில்லை, டீச்சர்," என்றார். "நாளைக்கு எனக்கு வேறை வேலை இருக்கு," என்றேன். மெய்தானே? லீவு கேட்கிற தொல்லையும் தீர்ந்தது.

மறுநாள் நெல்லு ஏற்றிப் போன வண்டியில் டவுனுக்குப் போனோம். நானும் ரபீக்காவும் பரீனாவும். வழி முழுக்கப் பரீனா வாய்க்குள் அந்த மூன்று வசனத்தையும் சொல்லிக்கொண்டு வந்தாள். கந்தோர் வாசலில் அதே கிளார்க். "திரும்பவும் வந்திட்டீங்களோ? துரைக்குத் தமிழ்..." என்று தொடங்கினான்.

பரீனா அவனை விலத்திக்கொண்டு இங்கிலீஷில் உரக்கக் கூப்பிட்டாள். "சேர்! ஒரு கேள்வி!"

துரை வெளியே வந்தார். இளம் வயது, சிவந்த கழுத்து. முக்காடு போட்ட பிள்ளையின் வாயிலிருந்து தன்னுடைய பாஷை வந்ததில் ஒரு சிரிப்பு அவருக்கு. அவள் கேட்டாள். கேட்டு முடிய அந்தச் சிரிப்பு இல்லை.

"ஜமால்தீன்," என்றார். யோசிக்கவே இல்லை. பெயரைக் கேட்டதும் தெரிந்திருந்தது. "குண்டு விழுந்த அன்றே இறந்துவிட்டார். மற்றவர்களோடு சேர்த்து அடக்கம் செய்துவிட்டோம். மன்னிக்கவும்."

பரீனாவுக்கு விளங்கியது. அவளுக்கு விளங்கியிருக்கக் கூடாதே என்று அந்த ஒரு கணம் நான் படிப்பித்ததையெல்லாம் சபித்தேன். அவள் அழவில்லை. இங்கிலீஷிலேயே அடுத்த கேள்வியைக் கேட்டாள். அது நாங்கள் பழகாத கேள்வி.

"ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?"

"ஒருவரும் கேட்கவில்லையே," என்றார் துரை.

"என் உம்மா கேட்டார்," என்றாள் பரீனா. "தமிழில் கேட்டார்."

துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"சிட் டவுன், சேர்," என்றாள் அவள். கத்தவில்லை. வகுப்பும் கூட இல்லை. அவள் ஒருத்தி.

அவர் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் நிலத்தைப் பார்த்தான். பிறகு துரை உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

"இரடா!" என்று நான் கதவைப் பார்த்துத் தமிழில் கத்தினேன். "பிள்ளை இரு எண்டு சொல்லுதெல்லே! வந்து இந்த மண்ணில இரு! நாசமாய்ப் போவான், நாலு மாசமாய் வாய்க்குள்ள வைச்சிருந்தியே!" என் தொண்டை கிழிந்ததுதான் மிச்சம். கதவு திறக்கவில்லை.

ரபீக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "என்ன சொல்றான் டீச்சர்? புள்ள ஏன் இப்பிடி நிக்கிறா?"

பரீனாதான் உம்மாவின் காதில் சொன்னாள். முழுவதையும் தமிழில் சொன்னாள். ரபீக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரலை மடக்கினாள். ஒவ்வொரு மாதமாக மடக்கிக்கொண்டு வந்து ஒரு விரலில் நின்றாள். திரும்ப மடக்கிப் பார்த்தாள். அப்போதும் அதே விரல்தான்.

"அப்ப என்ட இத்தா போன கிழமையே முடிஞ்சு போச்சா, டீச்சர்?" என்று கேட்டாள். "நான் அவருக்காக ஒரு நாள்கூட இரிக்கல்லியே?"

இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு இங்கிலீஷும் தெரியும், தமிழும் தெரியும். நான் அந்தக் கந்தோர் வாசலில், வெறும் மண்ணில் இருந்தேன்.